விலை ஒரு மணி நேரம்

நர்சிங் படிக்கிற புள்ளைங்க மனசுல தொழில் பண்ற ஆசை எத்தனை இருக்குதுன்னு அளந்து பாத்த ஆளை நீங்க பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க. இப்பப் பாத்துக்கங்க. நாந்தானுங்க அது. பேரு சென்னியப்பன். சித்த தள்ளி உக்காந்தீங்கன்னா காலை நீட்டிக்குவேன். ஆங், போதுமுங்க.

எம்பத்தேழு புள்ளைங்க. ஒருத்தியை உடாம அளந்தேன். டேப்பு வெச்சு இல்லீங்க, கேள்வித்தாள் வெச்சு. நாப்பது கேள்வி, கேள்விக்கு அஞ்சு மார்க்கு, மொத்தம் எரநூறு. எந்தக் கேள்விக்கும் கொறஞ்சது ஒரு மார்க்கு உண்டு. ஒண்ணுமே தெரியாத புள்ள கூட நாப்பது வாங்கியே ஆகோணும். எங்க காலேஜுல சராசரி எத்தனை வந்துச்சு தெரியுங்களா? முப்பத்தாறு. அதெப்படி வரும்கறீங்களா? பாதிப் புள்ளைங்க பாதிக் கேள்வியை வெறுமனே உட்டுட்டாளுங்க. அந்த நெலைமையில இருந்துச்சு நாடு.

மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். எங்க சம்சாரத்தோட அண்ணன் ராக்கியண்ணன். தேங்காய்க் களம் வெச்சிருந்த மனுசன். களத்தை மூடிப்போட்டு அதே எடத்துல நர்சிங் காலேஜு கட்டுனாரு. தாளாளர்னு போர்டு. போன வருசம் அவருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. மார்ச் மாசம் ஆய்வுக்குழு வருது, காலேஜுல தொழில்முனைவோர் மன்றம் இருக்கோணும், புள்ளைங்களோட தொழில்முனைவு மனப்பான்மையை அளந்து வெச்சிருக்கோணும்னு. மச்சான் அதை நாலு தடவை படிச்சுப் பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுனாரு.

"மாப்ளே, நீங்க எத்தனை தொழில் பண்ணியிருப்பீங்க?"

"ஏழுங்க மச்சான்."

"ஏழும் என்ன ஆச்சு?"

"அனுபவம் ஆச்சுங்க."

"அது போதும். நாளைக்குச் சட்டையை உள்ள உட்டுட்டு வந்துருங்க."

ஏழும் நெசந்தானுங்க. காளான் போட்டேன். முருங்கக்கீரைப் பொடி போட்டேன். சோத்துக்கத்தாழை வெச்சேன். ஈமு கோழி வளத்தேன். கோழி போச்சு, கோழிக் கொழுப்புல காச்சுன தைலம் மட்டும் முன்னூறு பாட்டில் மிஞ்சிப்போச்சு. மூட்டுவலிக்குக் கேட்குமுங்க. கேட்குதுன்னு சொன்னவங்க இருக்காங்க. எல்லாத்துலயும் எனக்கு முன்னாடி ஆரம்பிச்சவனும் பின்னாடி ஆரம்பிச்சவனும் சம்பாரிச்சான். என்னோட நேரம்தான் கொஞ்சம் முன்னப்பின்ன. வேற ஒரு கொறையும் இல்லீங்க.

மொத நாள் கிளாசுக்குப் போயி கேள்வித்தாளைக் குடுத்தேன். மொதக் கேள்வி, 'ரிஸ்க் எடுப்பது எனக்குப் பிடிக்கும்.' ஒரு புள்ள எந்திரிச்சுச்சு. மூணாம் வருசம், பேரு சங்கவி. ஒல்லி. போட்டிருந்த கண்ணாடியில ஒரு பக்கத்துக் காம்பை ஆஸ்பத்திரிப் ப்ளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்துச்சு.

"சார், ஊசி போடறப்பங்களா, மத்த நேரத்துலீங்களா?"

கேலி இல்லீங்க. நெசமாவே கேட்டுச்சு. எம்பத்தாறு பேரும் என் வாயையே பாக்கறாளுங்க. 'தோல்வியைக் கண்டு அஞ்ச மாட்டேன்'கற கேள்விக்கு ஒருத்தி ஓரத்துல, 'யாருக்குத் தோல்வி? நோயாளிக்கு என்றால் அஞ்சுவேன்'னு எழுதியிருந்தா. 'போட்டியாளரை முந்த எதையும் செய்வேன்'கறதுக்கு இன்னொருத்தி, 'போட்டியாளர் யார் என்று குறிப்பிடவில்லை'ன்னு எழுதி வெச்சிருந்தா. இந்தப் புள்ளைங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றதுங்க?

பிரின்சிபால் டெய்சிபாய் மேடம் நாகர்கோயில் பக்கம். அவங்க அன்னைக்கே சொன்னாங்க. "சார், எங்க பிள்ளைகளுக்கு யாவாரம் எதுக்கு? கைய ஒழுங்கா கழுவத் தெரிஞ்சா போரும்." மச்சான் ஒத்துக்கல. "முப்பத்தாறை வெச்சுட்டு நான் ஆய்வுக்குழு முன்னாடி நிக்கறதா? மார்ச்சுக்குள்ள நூத்தம்பது வரோணும் மாப்ளே"ன்னுட்டாரு. ரத்தத்துல சக்கரையைக் கொறைக்கற மாதிரி இதை ஏத்தோணுமாம்.

சரீன்னு வாரம் ரெண்டு நாள் பேசுனேன். நல்லாப் பேசுவேனுங்க, அதுல யாரும் கொறை சொன்னதில்ல. "அம்மிணிகளா, எங்க சனங்களுக்குக் கஷ்டம் இருக்குதோ அங்க தொழில் இருக்குது. நீங்க தெனமும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குப் போறீங்க. வார்டுல யாருக்கு என்ன கொறைன்னு கண்ணைத் தொறந்து பாத்து எழுதிட்டு வாங்க"ன்னேன். பாத்தீங்களா, இதை நாந்தான் சொன்னேன். இதை ஞாபகம் வெச்சுக்கங்க. இப்ப ஆளாளுக்கு என்னென்னமோ சொல்றாங்க. சொன்னவன் நானு.

அடுத்த வாரம் எழுதிட்டு வந்தாளுங்க. நான் என்ன எதிர்பாத்தேன்? சுடுதண்ணி பிளாஸ்க்கு இல்ல, கொசுவலை இல்ல, வலிக்குத் தடவத் தைலம் இல்ல, அப்பிடி எதாச்சும். சங்கவி என்ன எழுதியிருந்துச்சு தெரியுங்களா? 'டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பேசிவிட்டுப் போன பிறகு நோயாளிக்கு ஒன்றும் புரிவதில்லை. கேட்கப் பயப்படுகிறார்கள்.' அவ்வளவுதான்.

"இதுல தொழில் எங்கம்மிணி இருக்குது?"

"தெரிலீங்க சார். கொறையை எழுதச் சொன்னீங்க, எழுதுனேன். நான் ஒம்பதாவது படிக்கறப்ப எங்கம்மாவுக்கு ஆபரேசன் பண்ணுனாங்க. என்ன எடுத்தாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எங்கப்பா கேக்கப் பயந்துட்டாரு. கொடலை எடுத்துட்டாங்கன்னு நெனச்சுட்டு எங்கம்மா மூணு வருசத்துக்கு மேல கஞ்சி மட்டுமே குடிச்சுட்டுக் கெடந்துச்சு. நான் இங்க சேந்தப்பறம் அந்தச் சீட்டைக் கொண்டாந்து மேடம்கிட்டக் காட்டுனேன். எடுத்தது பித்தப்பைன்னாங்க. அன்னைக்கு ராத்திரிதான் எங்கம்மா சோறு உண்டுச்சு."

"கஷ்டந்தான் அம்மிணி. ஆனா இது மார்க்கெட் இல்ல, இது சென்டிமென்ட்"னு பக்குவமா எடுத்துச் சொன்னேன். பொறகு பையில இருந்து தைலப் பாட்டிலை எடுத்து மேசை மேல வெச்சேன். சரக்கு தயாரா இருக்குது, வார்டு தயாரா இருக்குது, நீங்க போயி நிக்க வேண்டியதுதான் பாக்கின்னேன்.

சங்கவி பாட்டிலைக் கண்ணாடிக்குக் கிட்டக் கொண்டு போயித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. "சார், காலாவதித் தேதி அழிஞ்சு போயிருக்குதுங்க."

"அழியல அம்மிணி. எழுதவே இல்ல."

ஒருத்தியும் பாட்டிலைத் தொடல. தொழில் மனப்பான்மை இருக்கற புள்ளைங்களா இருந்தா தேதியையா பாப்பாங்க?

ஒரு பத்து நாள் போச்சு. என்னமோ வார்டுல புள்ளைங்க நோட்டும் பேனாவுமாத் திரியறாங்கன்னு பேச்சு வந்துச்சு. சங்கவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். 'கேட்டுச் சொல்றோம்'னு ஒரு குழு ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒரு மணிக்கு டூட்டி முடியுது, ரெண்டு மணிக்குக் காலேஜு பஸ்சு. அந்த ஒரு மணி நேரத்துல கட்டில் கட்டிலாப் போயி, நாளைக்கு டாக்டர் வந்தா என்ன கேக்கோணும்னு நோயாளியோட ஆளுங்களுக்கு எழுதிக் குடுக்கறது.

"மருந்து மாத்திரை ஒண்ணும் நாங்க சொல்ல மாட்டோமுங்க சார். கேள்வி மட்டுந்தான். எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயில சொல்லிப் பழக்கி உடுவோம். எங்க கிளாசுப் புள்ள பெனிட்டா, டாக்டர் மாதிரி நிப்பா, அவங்க அவளைப் பாத்துக் கேக்கோணும். பயம் போற வரைக்கும் கேக்கோணும்."

"என்ன வாங்கறீங்க?"

"ஒண்ணும் வாங்கறதில்லீங்க."

எனக்கு ரத்தம் கொதிச்சுப் போச்சு. ஆறு மாசம் தொண்டை வத்தப் பேசியிருக்கறேன். "விலை வெக்காதது தொழில் இல்லம்மிணி, கோயில்ல பொங்கல் குடுக்கற மாதிரி. நாளைக்கே விலை வெச்சுட்டு என்னை வந்து பாருங்க"ன்னுட்டேன். பணம் வாங்குனா மேடம் தோலை உரிச்சுப் போடுவாங்க, அது அந்தப் புள்ளைங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கொள்கைன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க.

அடுத்த நாள் சங்கவி வந்து நின்னுச்சு. "சார், விலை வெச்சுட்டோமுங்க."

"சபாஷ். எத்தனை?"

"ஒரு மணி நேரமுங்க."

எனக்குப் புரியல. அப்பறம் சொல்லுச்சு. கேள்வி எழுதி வாங்கறவங்க அதுக்குப் பதிலா, ஆளே இல்லாம கெடக்கற ஒரு நோயாளிகிட்ட ஒரு மணி நேரம் சொந்தக்காரங்களா உக்காரோணுமாம். தண்ணி குடுக்கோணும், பேச்சுக் குடுக்கோணும், சோறு எறங்கலீன்னா திட்டோணும். திட்டறது முக்கியமுங்களாம். சொந்தம்னா திட்டோணுமில்ல.

நீங்களே சொல்லுங்க, இதைக் கொண்டு போயி எந்த பேங்க்குல காட்டறது?

ஆம்பளைங்க வார்டுல நாச்சிமுத்துன்னு ஒரு பெரியவரு. பஸ் ஸ்டாண்டுல உளுந்து தொடை எலும்பு ஒடஞ்சு, யாரோ கொண்டாந்து போட்டுட்டுப் போனது. கேக்க நாதியில்ல. மூணு வாரமாச் சொவத்தைப் பாத்துட்டே கெடந்த ஆளு. இந்த விலை வெச்ச ஒரே வாரத்துல அவருக்கு ரெண்டு மருமவன், நாலு மவ, அண்ணன் ஒருத்தரு, பேத்தி மூணு. பழனிப் பக்கத்துல இருந்து வந்த ஒரு அம்மாளும் மூலனூர்ல இருந்து வந்த இன்னொரு அம்மாளும், அவருக்கு ரசஞ்சோத்தை நாந்தான் ஊட்டுவேன்னு கரண்டியைப் புடிச்சு இழுத்துட்டாங்களாம். அந்த மனுசனுக்குக் கொழுப்பைப் பாருங்க, காலையில மருமவன் வேண்டாம், மவ வந்தாப் போதும்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. அஞ்சு நிமிசம் தாமசமா வந்த ஒரு பேத்தியை, "ஏன், இந்தக் கெழவன் ஞாபகம் இப்பத்தான் வந்துச்சா?"ன்னு கேட்டு அழுக உட்டுட்டாரு. அந்தப் பொண்ணும் நெசமாவே அழுதுட்டு, அடுத்த நாள் பழம் வாங்கிட்டு வந்துச்சாம்.

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லீங்க. பெரிய டாக்டரு ரவுண்ட்ஸ் வந்தாரு. நல்ல மனுசன், ஆனா ஒரு நாளைக்கு நூத்தம்பது பேரைப் பாக்கறவரு, நின்னு பேச நேரமில்லாதவரு. அன்னைக்குக் கதவைத் தொறந்துட்டு உள்ள வந்தா, முப்பத்திரண்டு கட்டில்ல முப்பத்திரண்டு கையி தூக்கியிருக்குது. பள்ளிக்கூடமாட்ட. இந்த மாத்திரை எதுக்கு, எத்தனை நாளைக்கு, சோத்துக்கு முன்னாடியா பின்னாடியா, எப்ப வேலைக்குப் போகலாம், என்ன தெரிஞ்சா ஓடி வரோணும். கட்டிலுக்கு அஞ்சு கேள்வி. இருவது நிமிசத்துல முடியற ரவுண்ட்ஸ் மூணு மணி நேரம் போச்சு. கடைசிக் கட்டில் நாச்சிமுத்து. அவருக்குக் கேள்வி ஒண்ணும் இல்லையாம். "எல்லாரும் கேக்கறாங்களேன்னு கையைத் தூக்குனேனுங்க. நீங்க சாப்ட்டீங்களா?"ன்னு கேட்டிருக்காரு.

டாக்டரு நேரா மச்சானுக்குப் போன் போட்டாரு. "உங்க பொண்ணுங்க என் வார்டைச் சட்டசபை ஆக்கிட்டாங்க. ஆய்வு முடிஞ்ச கையோட நீங்க வேற ஆஸ்பத்திரி பாத்துக்கங்க."

வேற ஆஸ்பத்திரி எங்கீங்க இருக்குது? வார்டுல இத்தனை மணி நேரம்னு வேலை பாத்தாத்தான் புள்ளைங்க பரிச்சை எழுத முடியும். எம்பத்தேழு பேரு படிப்பும் போயிரும். மச்சான் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு மன்ற ரூமுக்கே வந்துட்டாரு. "இது யாரு மாப்ளே பண்ணுன வேலை?"

நான் சங்கவி பேரைச் சொன்னேன். காட்டிக் குடுக்கலீங்க. கேட்டாரு, சொன்னேன். நான் வேண்டாம்னு சொல்லியும் கேக்காம பண்ணுச்சுன்னு சேத்துச் சொன்னேன், அவ்வளவுதான். விலை வெக்கச் சொன்னது நாந்தான்கறது அந்த அவசரத்துல வாயில வரல.

டெய்சிபாய் மேடம் அந்தப் புள்ள கழுத்துல இருந்த அடையாள அட்டையைக் கழட்டி வாங்கிக்கிட்டாங்க. மேடம் கண்ணு கலங்கியிருந்துச்சு, எதுக்குன்னு தெரியல. ஆய்வு முடியட்டும், அப்பனை வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிரலாம்னு முடிவு. புள்ள அழுகல. "மத்தவங்க பரிச்சை எழுதலாமுங்களா சார்?"னு மட்டும் கேட்டுச்சு. "அதெல்லாம் பெரியவங்க பாத்துக்குவோம் அம்மிணி"ன்னேன்.

இதுக்கு நடுவுல என்னோட வேலை கெடக்குது பாருங்க. மனப்பான்மையை மறுபடியும் அளக்கோணும். அளந்தேன். ஐம்பத்திரண்டு. 'இலாபமே என் முதல் நோக்கம்'கறதுக்கு எம்பத்தேழு பேரும் இல்லைன்னு போட்டிருந்தாளுங்க. மச்சான் கேட்டது நூத்தம்பது. புள்ளைங்களுக்கும் பாவம் பரிச்சை நேரம், திரும்பத் திரும்ப எழுதச் சொன்னா நல்லாவா இருக்கும்? நானே உக்காந்து எழுதிட்டேன். வலது கையில நாப்பத்தஞ்சு, எடது கையில நாப்பத்திரண்டு. எழுத எழுத எனக்கே ஒரு உற்சாகம் வந்து எல்லாத்துக்கும் எரநூறு போட்டு உட்டுட்டேன்.

ஆய்வுக்குழுத் தலைவரு தணிகைவேலன்னு ஒரு பேராசிரியரு. வணிகவியல். கழுத்தைத் திருப்பாம உடம்போட சேத்துத் திரும்புனாரு, பஸ்சுல தூங்கி சுளுக்கிட்டதாம். தாளுங்களை ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாத்தாரு.

"எம்பத்தேழு பேரும் எரநூத்துக்கு எரநூறா?"

"எங்க பயிற்சி அப்பிடீங்க."

"எம்பத்தேழு பேரும் 'தைரியம்'கறதுக்கு வல்லின 'றி' போட்டிருக்காங்களே?"

"எல்லாத்துக்கும் ஒரே வாத்தியாருதானுங்களே."

அவரு தாளுங்களை மூடி வெச்சாரு. "மன்றத்துல எதாச்சும் தொழில் நடக்குதா? கண்ணால பாக்கலாமா?"ன்னாரு. நான் தயாரா இருந்தேன். கூடத்துல மேசை போட்டு, பட்டுத்துணி விரிச்சு, தைலப் பாட்டிலை மூணு அடுக்கா அடுக்கி வெச்சிருந்தேன். அவரு கழுத்தைப் பாத்ததும் எனக்கு ஒரு யோசனை. தொழில்காரன் கண்ணுக்குத்தானுங்க வாய்ப்பு தெரியும். "ஐயா, உக்காருங்க"ன்னு உக்கார வெச்சு, காலரை எறக்கி, அரைப் பாட்டிலை ஊத்தித் தேச்சு உட்டுட்டேன்.

மொத அஞ்சு நிமிசம், "நல்லா இருக்குதுங்க, சூடு ஏறுது"ன்னாரு. நான் மச்சானைப் பாத்தேன். மச்சான் தலையாட்டுனாரு. அடுத்த அஞ்சு நிமிசத்துல காது செவந்துச்சு. அப்பறம் கன்னம். அப்பறம் கண்ணு ரெண்டும் மூடிட்டு மொகம் பன்னு மாதிரி ஊதிப்போச்சு. கூடத்துல இருந்த அத்தனை பேரும் அப்பிடியே நிக்கறோம். மாடிப்படியில இருந்து தடதடன்னு ஓடியாந்துச்சு சங்கவி. அட்டை இல்ல, சீருடை இல்ல, வீட்டுக்குப் போறதுக்குப் போட்ட சுடிதாரு.

"ஐயா, நாக்கு தடிக்குதுங்களா? மூச்சு உட முடியுதுங்களா? மேடம், வேனை எடுக்கச் சொல்லுங்க. சோப்புத் தண்ணி கொண்டாங்கடி! கழுத்தைக் கழுவிட்டே போலாம்."

வேன்ல அந்தப் புள்ள அவரு கையைப் புடிச்சுட்டு எண்ணிட்டே வந்துச்சு. நான் முன்னாடி சீட்டுல உக்காந்து, இது தைலத்தால இருக்காதுங்க, காலையில என்ன சாப்ட்டீங்கன்னு கேட்டுட்டே வந்தேன்.

பெரிய டாக்டரே பாத்தாரு. ஊசி ரெண்டு போட்டாரு. என்னமோ நாலு வார்த்தை வேகமாச் சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிட்டாரு. ஆம்பளைங்க வார்டுல எடம் இருந்தது நாச்சிமுத்துக்குப் பக்கத்துக் கட்டிலு. கொஞ்ச நேரத்துல வீக்கம் வத்தி ஒரு கண்ணு தொறந்துச்சு. "டாக்டரு என்னங்க சொன்னாரு?"ன்னு பேராசிரியரு கேட்டாரு. முப்பது வருசம் காலேஜுல பாடம் நடத்துன மனுசனுங்க. டாக்டரைக் கேக்காம எங்களைக் கேக்கறாரு.

"ஒண்ணுமில்லீங்க, சரியாயிரும்னாரு"ன்னேன் நான்.

அவரு என்னைப் பாக்கல. சங்கவியைப் பாத்தாரு. அது மேடத்தைப் பாத்துச்சு. மேடம், "சொல்லு பிள்ளே"ன்னாங்க.

"ஐயா, சொல்ல வேண்டியது டாக்டருதானுங்க. நீங்க கேக்க வேண்டியதை நான் சொல்றேன். நீங்க சக்கரைக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

"ஆமாம்மா. எட்டு வருசமா."

"அப்ப அதை அவருகிட்டச் சொல்லுங்க. இந்த ஊசி போட்டதால சக்கரை ஏறுமா, மாத்திரை அதேதானா, வீக்கம் திரும்ப வந்தா என்ன பண்றது, இதை மூணையும் கேளுங்க. பயப்படாதீங்க. கையைத் தூக்குங்க."

பேராசிரியரு கையைத் தூக்குனாரு. டாக்டரு திரும்பிப் பாத்து, பெருமூச்சு உட்டுட்டு வந்தாரு. கேள்வியைக் கேட்டதும் அப்பிடியே நின்னுட்டாரு. "சக்கரை இருக்குதுங்களா? யாரும் எங்கிட்டச் சொல்லலியே"ன்னு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. உக்காந்தாருங்க! ரத்தத்தை உடனே பாக்கச் சொன்னாரு. முன்னூத்தி எம்பது இருந்துச்சு. ஊசி போட்டதுக்கு இன்னும் ஏறும், இன்னைக்கு அனுப்ப முடியாதுன்னு சொல்லி, ஒவ்வொண்ணா விவரமாச் சொன்னாரு. எந்திரிக்கறப்ப சங்கவியைப் பாத்து, "கேள்வி எழுதிக் குடுக்கறது நீதானா?"ன்னாரு.

"ஆமாங்க டாக்டர்."

"இதை நான் கேட்டிருக்கோணும்"னாரு. போயிட்டாரு.

அப்ப பக்கத்துக் கட்டில்ல இருந்து நாச்சிமுத்து குரல் குடுக்கறாரு. "அம்மிணி, அவருக்கு விலை சொல்லலியா?"

சங்கவி வேண்டாம்னு தலையாட்டுது. அவரு உடல. "ஊருக்கெல்லாம் ஒரு ஞாயம், படிச்சவருக்கு ஒரு ஞாயமா?"ன்னு பேராசிரியருக்கு விலையை அவரே எடுத்துச் சொல்லிட்டாரு.

சாயங்காலம் வீக்கம் முழுசா வத்துனதும், ஆய்வுக்குழுத் தலைவரு தணிகைவேலன் ஒரு மணி நேரம் நாச்சிமுத்துவோட தம்பி மவனா உக்காந்தாருங்க. நான் வெளிய பெஞ்சுல இருந்து பாத்துட்டே இருந்தேன். இட்லியைப் பிச்சுக் குடுத்தாரு. அவரு வேண்டாம்னாரு. இவரு, "இப்பத் திங்கலீன்னா நான் கெளம்பிப் போயிருவேன் பெரீப்பா"ன்னு அதட்டுனாரு. நெசமாவே அதட்டுனாரு. பெரியவரு வாயைத் தொறந்தாரு.

அறிக்கை வந்துச்சு. என்கிட்ட நகல் இருக்குது. 'இக்கல்லூரி மாணவியரிடம் தொழில்முனைவு மனப்பான்மை சிறப்பாக உள்ளது. மன்றத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் மட்டும் காணப்படவில்லை.' ஒருங்கிணைப்பாளருங்கறது நாந்தானுங்க. ரெண்டாவது வாக்கியம் அச்சுப்பிழைன்னு நான் மச்சான்கிட்டச் சொன்னேன். 'மட்டுமல்ல'ன்னு இருக்கோணும், எழுத்து உட்டுப்போச்சு. மச்சான் என் சட்டையைப் பாத்து, "இனிமே வெளியவே உட்டுக்கங்க மாப்ளே"ன்னாரு. அவ்வளவுதான், வேலை போச்சு. எங்க சம்சாரமும் அண்ணன் பக்கம். அந்தப் புள்ளைக்கு அட்டை திரும்பக் கெடச்சுது. எம்பத்தேழு பேரும் பரிச்சை எழுதுனாங்க. பெரிய டாக்டரு மத்தியானம் மூணுல இருந்து நாலு வரைக்கும் ஸ்டூல் போட்டு உக்காந்து கேள்விக்குப் பதில் சொல்றதுன்னு ஆச்சு. இப்பப் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரியிலயும் ஆரம்பிச்சிருக்காங்க. சங்கவி படிப்பை முடிச்சுட்டு பெரிய ஆஸ்பத்திரியிலயே வேலைக்குச் சேந்து இதையும் பாத்துக்குது.

வார்டுக்கு வெளிய ஒரு போர்டு வெச்சாங்க, 'கேட்டுச் சொல்றோம்'னு. அதுல என் பேரு இல்லீங்க! கஷ்டம் இருக்கற எடத்தைப் பாருன்னு சொன்னது யாரு? விலை வெய்யின்னு சொன்னது யாரு? நேரா சங்கவிகிட்டப் போயிக் கேட்டேன். "நிறுவனர் சென்னியப்பன்னு போடோணும் அம்மிணி."

"போட்டுரலாமுங்க சார். ஒரு மணி நேரமுங்க."

சரி, ஒரு மணி நேரந்தானேன்னு நாச்சிமுத்துகிட்டப் போயி உக்காந்தேன். அவரு என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "நீ எனக்குத் தம்பி"ன்னாரு. நான் தைலத்தைப் பத்திச் சொன்னேன், ஈமுவைப் பத்திச் சொன்னேன், ஏழு தொழிலையும் சொன்னேன். முழுசாக் கேட்டாருங்க. என் வாழ்க்கையில ஏழையும் முழுசாக் கேட்ட மொத ஆளு அவருதான். "எல்லாத்துலயும் போச்சாடா?"ன்னாரு. "ஆமாங்கண்ணா"ன்னேன். அவருகிட்ட மட்டும் அனுபவம்னு சொல்ல வாய் வரல, என்னமோ தெரியல.

அடுத்த வாரம் போனா பெயிண்டரு வரலைன்னாங்க. அதுக்கடுத்த வாரமும் வரல. போர்டுல பேரு வர்ற வரைக்கும் உடக்கூடாதுன்னு நானும் வாரா வாரம் போனேன். அப்பறம் வாரத்துக்கு மூணு நாள். சவரம் பண்ணி உடுவேன். நகம் வெட்டி உடுவேன். இப்பிடி அஞ்சு மாசம். எலும்பு கூடிருச்சு, நெஞ்சுல சளி கட்டிருச்சு. போன மாசம் ஒரு காலையில காப்பி குடிச்சுட்டே போயிட்டாரு. நான் அப்ப டம்ளரைப் புடிச்சுட்டு இருந்தேன்.

ஆபீசுல தாளைக் குடுத்து உறவுமுறை என்னன்னாங்க. அத்தனை மருமவனும் மவளும் அவங்கவங்க ஊருக்குப் போயிட்டாங்க, அவங்க நோயி தீந்து போச்சு. தம்பின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கொள்ளியும் நாந்தான் வெச்சேன். மொட்டையைப் பாத்து எங்க சம்சாரம், யாருக்கோசரம்னு கேட்டா. அண்ணனுக்குன்னேன். அவ எங்கண்ணனான்னு பதறிட்டா. அதைச் சமாதானப்படுத்த அரை நாள் ஆச்சுங்க.

இன்னைக்குப் போனப்ப சங்கவி சொல்லுது, "சார், நாளைக்குப் பெயிண்டர் நிச்சயமா வர்றாருங்க"ன்னு. "அது கெடக்கட்டும் அம்மிணி, பதினெட்டாம் நெம்பர் கட்டில்ல ஒரு ஆளு ரெண்டு நாளாப் பேசாம கெடக்குது, அதுக்கு யாரு இருக்காங்க?"ன்னு கேட்டேன். இருந்தாலும் என் பேரு எழுத்துப் பெருசா இருக்கோணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். அதை உட முடியுங்களா?

அட, நானே பேசிட்டு வர்றேன். அந்தப் பெரிய ஆஸ்பத்திரி ஸ்டாப்புலதானே நீங்களும் ஏறுனீங்க? மடியில அது ஸ்கேன் கவருதானுங்களே? யாருக்கு? சம்சாரத்துக்கா. டாக்டரு என்ன சொன்னாரு?

'பாத்துக்கலாம்'னாரா? என்னத்தைப் பாக்கறதாம்? யாரு பாக்கறதாம்? கேக்கலியா? ஏனுங்க கேக்கல?

அழுகாதீங்க. இருங்க, இருங்க. மணி என்ன ஆச்சு? ரெண்டே காலு. கண்டக்டரு! கண்டக்டரு, விசிலை அடிங்க, ரெண்டு பேரு எறங்கோணும். அட டிக்கெட் போனாப் போகுதுங்க. எந்திரிங்க, கவரை மடக்காதீங்க, அப்பிடியே எடுத்துக்கங்க. எதுத்தாப்ல வர்ற பஸ்சைப் புடிச்சா மூணு மணிக்கு மொத ஆளா நின்னுரலாம். பேனா என்கிட்ட இருக்குது. நடந்துட்டே எழுதிக்கலாம். சொல்லுங்க, உங்க சம்சாரம் கேக்கச் சொன்ன மொதக் கேள்வி என்ன?